பறிக்கப் பறிக்க உமரி

ரெக்ஸுக்கு வலது கெண்டைக்கால் சரியாக அறுபத்திரண்டாவது அடியில் வலிக்கத் தொடங்கும். எண்பதில் யாரோ சதைக்குள் கையை விட்டுப் பிசைவது போலிருக்கும். நூறாவது அடியை அவர் கண்டு ஒன்றரை வருடமாகிவிட்டது. நின்றால் வலி போய்விடும். அதனால் ஏதாவது கடை வாசலில் நின்று, விலைப்பலகையை அக்கறையாகப் படிப்பவர் போல இரண்டு நிமிடம் பாவனை செய்வார். பிறகு மறுபடி அறுபத்திரண்டு. தூத்துக்குடியில் அவர் படிக்காத விலைப்பலகை கிடையாது.

அந்தோணி ரெக்ஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். இந்தக் கதை தொடங்கும் 2049-இல் அவருக்கு வயது அறுபத்தாறு. ஆனால் ஊரில் யாரும் அவரைக் கிரேனோடு சேர்த்து நினைப்பதில்லை. முப்பத்து நான்கு வருடம் மாவட்டத்தின் கால்பந்து மைதானங்களில் விசில் ஊதியவர். ஆகவே ரெஃப்ரி ரெக்ஸ். நடுவர்களுக்கு வயது வரம்பை எடுத்துவிட்டிருந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஓட்டப் பரிசோதனையில் தேறினால் போதும், எண்பது வயதிலும் ஊதலாம்.

கடைசியாக அவர் ஊதியது பெண்கள் அரையிறுதி ஒன்றில். முப்பத்தெட்டாவது நிமிடம் கால் இறுகி நின்றுவிட்டது. பந்து அவரைத் தாண்டிப் போய், பெனால்டி எல்லைக்குள் ஒரு பெண் விழுந்தாள். தள்ளிவிட்டார்களா, தானாக விழுந்தாளா? இரண்டு அணியும் அவரைச் சூழ்ந்துகொண்டு கத்தின. ரெக்ஸ் நாற்பது மீட்டர் பின்னால் நின்றிருந்தார்.

"நான் பாக்கல" என்றார். "பாக்காததுக்கு நான் விசிலடிக்க மாட்டேன்."

விசிலைக் கழற்றி உதவி நடுவரின் கையில் கொடுத்துவிட்டு, புல்லில் உட்கார்ந்துவிட்டார். வெயில் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஸ்கேன் வேறு சொன்னது. கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் பதினோரு இடங்களில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தன. ஒன்றிரண்டு இடமென்றால் அறுத்துச் சரிசெய்யலாம், பதினொன்றை என்ன செய்வது என்று மருத்துவமனையில் கையை விரித்தார்கள். நடங்கள், வலித்தால் நில்லுங்கள் என்று அனுப்பினார்கள்.

அவர் மனைவி ஃபெலிஸ்டாதான் அந்த அறிவிப்பைக் கொண்டுவந்தாள். உப்பளச் சாலையில் புதிதாக வந்திருந்த கடலோரத் தாவர ஆய்வு நிலையம், கால் ரத்தக் குழாய் இறுகியவர்கள் இருபத்து நான்கு பேரைத் தேடிக்கொண்டிருந்தது. மூலிகை மருந்து, இலவசம்.

"மூலிகையா?" என்றார் ரெக்ஸ். "எண்ணெய் தேச்சு உருவி விடுவாங்க. அதுக்கு வீட்டுலயே நீ இருக்க."

"நான் உருவி என்னத்தக் கண்டேன்? போய்த்தான் பாருங்களேன்."

நிலையத்தில் அவரை உட்காரவைத்துப் பேசியவள் டாக்டர் மிதுனா. முப்பத்தைந்து வயது, ஈரோட்டுக்காரி. மேசையில் இரண்டு ரப்பர் குழாய்த் துண்டுகள் வைத்திருந்தாள்.

"இந்தப் புதுக் குழாயை அமுக்குங்க. மெதுவா இருக்கா? ரத்தம் வந்து இடிக்கும்போது நல்ல குழாய் இப்படித்தான் விரிஞ்சு கொடுக்கும். இது மொட்டை மாடியில பத்து வருஷம் வெயில்ல கிடந்தது. அமுக்கிப் பாருங்க."

"கட்டை மாதிரி இருக்கு."

"உங்க காலுக்குள்ள இருக்கிறது இதுதான். சுண்ணாம்பு வெளியில இருந்து வந்து ஒட்டிக்கலீங்க. குழாயோட சுவர்ல இருக்கிற செல்லுகளுக்கு ஒரு வயசுல புத்தி தடுமாறிடுது. நாம எலும்புன்னு நினைச்சுக்கிட்டு அதுங்களே சுண்ணாம்பு சேர்க்க ஆரம்பிச்சிடுது. நாங்க கண்டுபிடிச்ச பொருள், 'நீ எலும்பில்லை, குழாய்'னு அதுங்களுக்கு ஞாபகப்படுத்துது. ஞாபகம் வந்ததும் சேர்த்ததை அதுங்களே மெல்லக் கரைச்சிடுது."

"எந்தச் செடில இருக்கு?"

மிதுனா சிரித்தாள். "உமரி."

ரெக்ஸுக்கு நம்பிக்கை சுத்தமாகப் போய்விட்டது. உமரிக்கீரை உப்பளத்தை ஒட்டிய சதுப்பெல்லாம் கிடக்கும். உப்புத் தண்ணீரில் வளரும் குட்டைச் செடி. விரல் கணுக்கள் போலத் தண்டு, கடித்தால் உப்பு. யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை.

"எனக்கும் முதல்ல தெரியாது" என்றாள் மிதுனா. "மூணு வருஷம் முன்னால உப்பளத்துல வேலை செய்யற பெண்களுக்கு ஒரு பரிசோதனை நடத்தினோம். நாள் பூரா வெயில், உப்பு, தாகம். ரத்தக் குழாய் மோசமா இருக்கும்னு எதிர்பார்த்துதான் போனோம். மணிக்கட்டுல பட்டையைக் கட்டி நாடி ஓடுற வேகத்தை அளந்தா, அறுபது வயசுக்காரங்களுக்கு இருபத்தஞ்சு வயசுக் குழாய்! மிஷின் கெட்டுப்போச்சுன்னு மூணு மிஷின் மாத்தினேன். அப்புறம்தான் என்ன சாப்பிடறீங்கன்னு கேட்டேன். தினமும் உமரி. லேசா வதக்கி, கஞ்சிக்குத் தொட்டுக்க."

உமரின் என்று அந்தப் பொருளுக்குப் பெயர் வைத்திருந்தாள். சோதனைக்கூடத்தில் அதைத் தனியாகச் செய்ய முடியவில்லை. காயவைத்தால் சிதைந்துவிடுகிறது. ஆகவே மருந்து என்பது காலையில் அரை டம்ளர் பச்சைச் சாறு. உப்பை வடிகட்டிவிட்டார்கள், கசப்பை ஒன்றும் செய்ய முடியவில்லை. முதல் நாள் குடித்துவிட்டு ரெக்ஸ் ஐந்து நிமிடம் முகத்தைச் சுளித்தபடி இருந்தார்.

நான்காவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியான உறக்கத்தில் இருந்தவரை ஃபெலிஸ்டா உலுக்கி எழுப்பினாள்.

"என்னங்க, காய்ச்சலா?"

"இல்லையே."

"பொறவு ஏன் ஒங்க கால் சுடுது?"

எழுந்து உட்கார்ந்து தன் பாதத்தைத் தானே பிடித்துப் பார்த்தார். பத்து வருடமாக மீன் பெட்டியிலிருந்து எடுத்தது போல இருந்த பாதம், வெதுவெதுப்பாக இருந்தது. ஃபெலிஸ்டா அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு விடவேயில்லை. அடுத்த மாதம் கட்டைவிரல் மேல் நாலைந்து மயிர் முளைத்தன. ரத்தம் போய்ச் சேர்வதன் அடையாளம் அது என்று மிதுனா சொன்னாள். ரெக்ஸ் அவற்றைத் தெருவில் பார்த்தவர்களுக்கெல்லாம் செருப்பைக் கழற்றிக் காட்டினார்.

அறுபத்திரண்டு இருநூறானது. இருநூறு, ஆயிரமானது. ஒரு நாள் கடற்கரைச் சாலையில் எண்ணிக்கொண்டே போனவர், ஐயாயிரத்துக்கு மேல் எண்ண மறந்து ரோச் பூங்காவரை போய்விட்டார். அங்கே நின்று வாய்விட்டுச் சிரித்தார்.

மற்றவர்களுக்கும் இப்படித்தான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார், பெயர் திரவியம். வாழ்நாளில் முகம் மாறாதவர் என்று பெயரெடுத்தவர். அவருக்கு இப்போது யாராவது பாராட்டினால் கன்னம் சிவந்தது. இளகிய குழாய்களில் ரத்தம் நினைத்த இடத்துக்குப் பாய்ந்துவிடுகிறது என்று மிதுனா விளக்கினாள். பழைய மாணவர்கள் அவரைச் சிவக்கவைப்பதற்காகவே வீட்டுக்கு வந்து பாராட்டிவிட்டுப் போனார்கள்.

மார்ச்சில் ரெக்ஸ் ஓடினார். ஏப்ரலில் மாவட்டச் சங்கத்துக்கு எழுதிப்போட்டார். ஆகஸ்டு முதல் வாரம் ஓட்டப் பரிசோதனை, இரண்டாவது ஞாயிறு பெண்கள் இறுதி ஆட்டம். தேறினால் விசில் உங்களுக்குத்தான் என்று பதில் வந்தது.

அதே ஏப்ரலில்தான் வேலி வந்தது.

நிலையத்தின் இயக்குநர் வைகுண்டம் கவனமான மனிதர். உமரினைத் தேடி ஒரு மருந்து நிறுவனம் வரப்போகிறது, செடிக்குச் சுத்தமும் பாதுகாப்பும் வேண்டும் என்று உமரி விளையும் நாற்பது ஏக்கர் சதுப்பு முழுவதையும் சுற்றிக் கம்பிவேலி போட்டார். அதுவரை உப்பளப் பெண்கள் வீட்டுக்குப் பறிக்கும்போது ஆளுக்கு ஒரு பிடி நிலையத்து வாசலில் போட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கீரைதான் அரைபட்டது. இனி அது வேண்டாம். கையுறை போட்ட ஊழியர்கள் வாரம் ஒருமுறை கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்கள். செடிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. சாறுகூடக் குடிக்க இதமாக இருந்தது.

மே கடைசியில், காலை ஓட்டத்தில், ரெக்ஸின் கெண்டைக்கால் மெல்ல இறுகியது. சுளுக்கு என்று நினைத்தார். ஒரு வாரம் கழித்து ஓட முடியவில்லை. ஜூனில் தொள்ளாயிரம் அடியில் வலித்தது. பிறகு எழுநூறு.

"உங்களுக்கு மட்டுமில்லை" என்றாள் மிதுனா. தூக்கமில்லாத முகம். "எல்லாருக்கும். சாறுல உமரின் பாதிகூட இல்லை. உரம் மாத்தினோம், தண்ணி மாத்தினோம். செடியைப் பார்த்தா அவ்வளவு ஆரோக்கியமா இருக்கு. ஏன்னு எனக்குப் புரியலை."

மறுநாள் சாயங்காலம் ரெக்ஸ் உப்பளச் சாலையில் தன்னைத்தானே சோதித்துப் பார்க்க நடந்தார். வேலி ஓரத்தில் வலி பிடித்து நிறுத்தியது. படிக்க விலைப்பலகைகூட இல்லை. 'உள்ளே நுழைவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற தகரம்தான் இருந்தது. வரப்பில் உட்கார்ந்தார்.

வேலை முடிந்து பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி நின்றாள். அறுபது வயதிருக்கும், தலையில் துண்டு, காலில் உப்பு வெள்ளை.

"என்ன அண்ணாச்சி, மயக்கமா? தண்ணி தரட்டா?"

"மயக்கமில்ல. காலு. கொஞ்சம் உக்காந்தா சரியாயிரும்."

அவள் தண்ணீர்ப் புட்டியைக் கொடுத்துவிட்டு, நெற்றியை அழுத்திக்கொண்டு தானும் வரப்பில் உட்கார்ந்தாள். பெயர் சண்முகக்கனி. பதினெட்டு வயதிலிருந்து உப்பளம். "எனக்கும் இப்பம் ரெண்டு மாசமா தலவலி. பொம்பளைக எல்லாத்துக்கும் ஒண்ணொண்ணு கெளம்பியிருக்கு. முன்னால இப்படிக் கெடையாது."

"ரெண்டு மாசமாவா?"

"இந்தக் கம்பியப் போட்டதுல இருந்துன்னு வச்சுக்கிடுங்களேன். உள்ளுக்குள்ள போயி எங்க கொழம்புக்கு நாலு கொப்பு பறிச்சா திருட்டாம். வாச்மேன் பேரு எழுதிட்டுப் போறான். நாப்பது வருசமா நாங்க பறிச்ச எடம். யாருக்கோ மருந்து செய்யாங்களாம்."

ரெக்ஸ் புட்டியை மூடினார். முகம் சூடானது அவருக்கே தெரிந்தது.

"எனக்குத்தான்" என்றார்.

"என்னது?"

"அந்த மருந்து. நான்தான் குடிக்கேன். நான், இன்னும் இருபத்து மூணு பேரு."

சண்முகக்கனி அவர் காலைப் பார்த்தாள், பிறகு வேலிக்குள் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று ரெக்ஸ் எதிர்பார்த்தார். அவள் சிரித்துவிட்டாள். "குடிச்சுமா இப்படி உக்காந்திருக்கீய?"

"முன்னால நல்லாத்தான் இருந்துச்சு. ஓடினேன்."

"எப்படி நல்லாருக்கும்? பாருங்க, எப்படிக் கொழுத்துப்போயிக் கெடக்குன்னு. கிள்ளாத உமரி வாயில வைக்க முடியுமா? சப்புன்னு கெடக்கும். கிள்ளுன எடத்துல மூணாம் நாள் ஒரு துளிரு வரும் பாருங்க, அதுலதான் கசப்பு. அந்தக் கசப்புக்குத்தான நாங்க திங்கோம்."

ரெக்ஸ் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். சாறு இப்போதெல்லாம் குடிக்க இதமாக இருக்கிறது என்று அவரே மிதுனாவிடம் மகிழ்ச்சியாகச் சொல்லியிருந்தார். கசப்பு போனதும் மருந்து போனதும் ஒரே சமயம்.

"கனியம்மா, என்கூட இப்பமே வர முடியுமா? எழுநூறு அடிக்கு ஒருக்க நிப்பேன். கோவிச்சுக்கிடக் கூடாது."

நிலையத்தில் மிதுனா அவள் சொன்னதை முழுவதும் கேட்டாள். பிறகு முதலில் செய்தது ஆராய்ச்சியில்லை. நாடிப் பட்டையை எடுத்து சண்முகக்கனியின் மணிக்கட்டில் கட்டினாள். எண்ணைப் பார்த்தாள். மூன்று வருடத்துக்கு முந்தைய எண்ணைத் தேடி எடுத்து, பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, உங்க குழாய் இறுக ஆரம்பிச்சிருக்கு." அவள் குரல் இறங்கியிருந்தது. "உங்களைப் பார்த்துத்தான் இந்த மருந்தே எனக்குத் தெரிஞ்சது. உங்ககிட்ட இருந்தே அதைப் பிடுங்கிட்டேன்."

"நீ என்ன தாயி செய்வே? கம்பி போட்டது நீயா?"

"போடும்போது பேசாம இருந்தேன்ல?"

பத்துச் செடிகளைக் கிள்ளச் சொன்னாள். பத்தைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். பத்தை அப்படியே விட்டாள். மூன்றாம் நாள் காலை முடிவு வந்தபோது சோதனைக்கூடத்திலிருந்து அவள் போட்ட கூச்சல் வாசல்வரை கேட்டது. சும்மா விட்ட செடியில் உமரின் மிகக் குறைவு. வெட்டியதில் கொஞ்சம். கிள்ளியதில் ஒன்பது மடங்கு!

"கத்தரிக்கோல் சுத்தமா வெட்டிடுது, செடிக்குப் பெருசா ஒண்ணும் தெரியறதில்லை" என்று ரெக்ஸிடமும் சண்முகக்கனியிடமும் மூச்சுவிடாமல் சொன்னாள். "நகத்தால கிள்ளினா நசுங்குது. ஏதோ புழு கடிக்குதுன்னு செடி நினைச்சுக்கிட்டு, அடுத்த துளிர்ல கசப்பை ஏத்தி வைக்குது. அந்தக் கசப்புதான் உமரின். நீங்க பறிச்சுப் பறிச்சுத்தான் அக்கா அது அங்க இருந்ததே. வேலி போட்டுப் பாதுகாத்தது வெறும் பச்சைத் தண்டை!"

வைகுண்டம் நம்பவில்லை. நகம் போல நசுக்கும் இயந்திரம் ஒன்றைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தார். அது இரண்டு வரிசைச் செடிகளைக் கூழாக்கிவிட்டு, சேற்றில் புதைந்து நின்றது. அதை வெளியே இழுக்க உப்பளப் பெண்கள்தான் வர வேண்டியிருந்தது. இழுத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார்கள். பேச வேண்டும் என்றார்கள்.

பேச்சு நிலையத்து முன்கூடத்தில் நடந்தது. ஒரு பக்கம் வைகுண்டம், மிதுனா. மறுபக்கம் சண்முகக்கனியும் முப்பது பெண்களும். அரை மணி நேரத்தில் இரைச்சலாகிவிட்டது. அப்போது சண்முகக்கனி, பேச்சைக் கேட்க வந்திருந்த நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்திருந்த ரெக்ஸைக் கைகாட்டினாள்.

"அவுக சொல்லட்டும். அவுக சொன்னா நாங்க கேக்கோம்."

ரெக்ஸ் எழுந்தார். "நான் எப்படிச் சொல்ல முடியும்? நானும் ஒரு பக்கத்து ஆளுதான். அந்தச் சாற்றைக் குடிக்கிறவன்."

"அது தெரிஞ்சுதான் கேக்கேன். எங்க தங்கச்சி மவ அன்னைக்கு அந்த அரையிறுதியில ஆடுனா. அம்புட்டுக் கூட்டத்துல, நான் பாக்கலன்னு சொன்னீயளாமே. அதைச் சொல்ல எத்தன பேருக்கு மனசு வரும்?"

வைகுண்டமும் சரியென்று தலையாட்டினார். ரெக்ஸ் இரண்டு பக்கமும் கேட்டார். கிள்ளும் செடி எவ்வளவு நாளில் தேறும் என்று மிதுனாவிடம் கேட்டார். முழு வீச்சில் துளிர்க்க ஆறு வாரமாகும், அதுவரை கிடைப்பது ஒரு பக்கத்துக்குத்தான் போதும் என்றாள். அவர் கொஞ்சநேரம் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலி போகணும்" என்றார். "பறிக்கிறவங்க வீட்டுக்கு எடுத்துட்டு மிச்சந்தான் மருந்துக்கு. வேலைக்கு உண்டானதை நிலையம் குடுத்துரணும். இந்த ஆறு வாரம் துளிர்க்கிறது முழுக்க உப்பளத்துப் பொம்பளைகளுக்கு. அவங்ககிட்ட இருந்து எடுத்ததை மொதல்ல அவங்களுக்குத் திருப்பணும். நாங்க இருபத்து நாலு பேரும் காத்திருக்கோம்."

நோயாளிகள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. வைகுண்டம் எழுந்து நின்றார்.

"இருபத்து நாலு பேர்ல நானும் ஒருத்தன்" என்றார். "பதினேழாம் எண். எங்க அப்பாவுக்கு அம்பத்தஞ்சு வயசுல ரெண்டு காலையும் எடுத்தாங்க. எனக்கு அம்பத்து நாலுல வலி ஆரம்பிச்சது. செடி தீர்ந்துபோயிருமோன்னு பயந்துதான் வேலி போட்டேன். கம்பெனிக்காகன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். ஆறு வாரம்னா எனக்கு… பயமா இருக்கு."

யாரும் எதிர்பார்க்கவில்லை. பதினேழாம் எண் மட்டும் பெயர் சொல்லாமல் சேர்ந்த நோயாளி; அது யாரென்று மிதுனாவுக்குக்கூடத் தெரியாது.

"எனக்கும்தான் சார்" என்றார் ரெக்ஸ். "ஆனா நான் சொன்னதை மாத்த முடியாது."

வைகுண்டம் நின்றபடியே இருந்தார். திரவியம் மெல்ல எழுந்து போய் அவர் தோளில் கைவைத்தார். "காத்திருப்போம், வைகுண்டம். எல்லாரும் சேர்ந்துதானே."

மறுநாள் வேலியைப் பிரித்தார்கள். செய்தி கேட்ட ஃபெலிஸ்டா சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டு இடுப்பில் கையூன்றினாள்.

"ஆறு வாரம்னா ஆகஸ்டு போச்சே! ஒங்களுக்கு நீங்களே ரெட் கார்டு குடுத்துட்டு வந்திருக்கீங்க."

"வேற என்ன செய்யச் சொல்லுத?"

அவள் கரண்டியை மறுபடி எடுத்தாள். "வேற செஞ்சிருந்தா இன்னைக்குச் சோறு கெடையாது" என்று சொல்லி, அவர் தட்டில் ஒரு மீன் கூடுதலாக வைத்தாள்.

அந்த ஆறு வாரமும் அழுகையாகப் போகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். போகவில்லை. நாற்பது ஏக்கர் சதுப்பை மூன்று நாளுக்கு ஒருமுறை கிள்ள முப்பது ஜோடிக் கை போதாது. உப்பளத்து மற்றப் பெண்களும் வந்தார்கள், அப்போதும் போதவில்லை. நடக்க முடியாவிட்டாலும் உட்கார்ந்து கிள்ள முடியுமே என்று திரவியம் ஒரு பிளாஸ்டிக் முக்காலியோடு வந்து இறங்கினார். அடுத்த நாள் பத்து முக்காலிகள். காலை ஐந்தரைக்கே சதுப்பு கலகலவென்றிருக்கும். சேற்றில் முக்காலியோடு சாய்ந்தவர்களைத் தூக்கிவிட்டபடியே பேச்சும் சிரிப்பும் ஓடும்.

"அண்ணாச்சி, கிள்ளச் சொன்னா வேரோட பிடுங்குதீயளே! அது செடியா, மவராசன் தலைமுடியா?"

"இப்பம் சரியா, கனியம்மா?"

"இப்பம் பரவால்ல. அந்தா டைரக்டரப் பாருங்க. எம்புட்டு நறுவிசா கிள்ளுதாரு!"

வைகுண்டம் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, மூக்கு நுனியில் கண்ணாடியோடு, ஒவ்வொரு துளிராக எண்ணிக் கிள்ளிக்கொண்டிருந்தார். மருந்து நிறுவனம் வராது என்று அவருக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. மாத்திரையாக முடியாது, இயந்திரத்தால் முடியாது, மூன்று நாளுக்கொருமுறை மனிதக் கை வேண்டும் என்றதும் அவர்கள் கடிதத்துக்குப் பதில்கூடப் போடவில்லை. பதிலாக மரக்காணத்திலிருந்தும் வேதாரண்யத்திலிருந்தும் உப்பளப் பெண்கள் எழுதியிருந்தார்கள். எங்கள் ஊரிலும் உமரி உண்டு, எப்படிச் செய்வது என்று கேட்டு. சண்முகக்கனியும் இன்னும் இரண்டு பேரும் மிதுனாவோடு ரயிலேறிப் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தார்கள். சண்முகக்கனிக்கு அது முதல் ரயில் பயணம். அதற்குள் அவள் தலைவலியும் போய்விட்டிருந்தது.

ஆகஸ்டு ஓட்டப் பரிசோதனையில் ரெக்ஸ் தேறவில்லை. ஒரு சுற்றுக்கூட முடியவில்லை. இறுதி ஆட்டத்தை வேறொருவர் விசிலடிக்க, ஃபெலிஸ்டாவோடு கேலரியில் உட்கார்ந்து பார்த்தார். ஒரு ஆஃப்சைடைத் தவறவிட்டார்கள். வீடு வந்து சேரும்வரை அதைப் பற்றியே பேசினார். நடுவில் மூன்று இடத்தில் நின்றார்கள். நின்ற இடமெல்லாம் ஃபெலிஸ்டா சுண்டல் வாங்கித் தின்றாள்.

செப்டம்பரில் சாறு மறுபடி வந்தது. கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. இருபத்து நான்கு பேரும் டம்ளரை முட்டிக்கொண்டு, முகத்தைக் கோணலாக்கி, ஒரே மூச்சில் குடித்தார்கள். திரவியம் சிவந்தே போனார். நவம்பரில் மழை பிடித்து உப்பள வேலை நின்றபோது ரெக்ஸ் தெருவில் ஓடினார். ஜனவரியில் நடந்த மறுபரிசோதனையில் தன்னைவிட முப்பது வயது குறைந்தவர்களில் இரண்டு பேரைப் பின்னால் விட்டார். வைகுண்டம் ஓடவில்லை. ஆனால் மாடிப்படி ஏறி இறங்கி, மறுபடி ஏறி, மேலே நின்றபடி எல்லோருக்கும் கையசைத்துக் காட்டினார்.

பிப்ரவரி மாதம், சவேரியார்புரத்து மைதானத்தில் மாவட்டப் பெண்கள் கோப்பையின் காலிறுதி. ரெக்ஸுக்கு இரண்டரை வருடத்துக்குப் பிறகு முதல் ஆட்டம். உப்பளத்திலிருந்து இரண்டு வேன் நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். சண்முகக்கனியின் தங்கை மகள் நீல அணியில் ஆடினாள். முதல் பாதியிலேயே ரெக்ஸ் அவளுக்கு மஞ்சள் அட்டை காட்டினார்.

"ரெஃப்ரிக்குக் கண்ணு தெரியலையா!" என்று கேலரியில் முதலில் கத்தியது சண்முகக்கனிதான். "நாங்க பறிச்சுக் குடுத்ததக் குடிச்சுட்டு எங்க பிள்ளைக்கே அட்டை காட்டுதாரு பாருங்க!"

பக்கத்தில் ஃபெலிஸ்டா விழுந்து விழுந்து சிரித்தாள். மிதுனா நாடிப் பட்டையின் எண்ணைத் தன் கையிலிருந்த திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெக்ஸ் கட்டியிருந்த பட்டையிலிருந்து அது வந்துகொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் திரையை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

பிப்ரவரி என்றாலும் வெயில் கடுமையாக இருந்தது. தொண்ணூறு நிமிடம் முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு. காயங்களுக்காக நின்ற நேரத்தைக் கணக்கிட்டு, ரெக்ஸ் ஐந்து நிமிடம் கூட்டியிருந்தார். பெண்கள் முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கினார்கள். ஒருத்தி புல்லில் உட்கார்ந்துவிட்டாள். சிவப்பு அணியின் தலைவி, பதினேழு வயதுப் பெண், கெண்டைக்காலைப் பிடித்தபடி நொண்டிக்கொண்டு அவரிடம் வந்தாள்.

"சார், முடியல சார். விசிலடிங்க சார், போதும்."

ரெக்ஸ் அவள் காலைப் பார்த்தார். வெறும் தசைப்பிடிப்பு. குனிந்து அவள் பாதத்தை மேல்நோக்கி வளைத்து, நாலு தடவை நீவிவிட்டார்.

"இன்னும் நாலு நிமிசம் இருக்கு பாப்பா" என்றார். "வா, ஓடலாம்."

அதற்குள் நீல அணியின் கோல்கீப்பர் பந்தை உதைத்துவிட்டாள். அது மைதானத்தின் மறுகோடிக்குப் பறந்தது. எல்லோருக்கும் முன்னால் ரெக்ஸ் அதன் பின்னே ஓடினார்.